சிசரோவின் தலையும் கையேட்டின் 41ஆம் பக்கமும்

பேச்சுப் போட்டிக் கையேட்டைத் தொகுக்கும் குழுவினருக்கும், இந்த ஆண்டு இறுதிச் சுற்றில் நடுவர்களாக அமர்ந்தவர்களுக்கும்,

உங்கள் கையேட்டின் புதிய பதிப்பில் உலக நாவலர்கள் பகுதி 41ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. முதல் ஆள் சிசரோ, பழைய ரோமின் பெரிய பேச்சாளர், அரசியல்வாதி. அவர் செத்த கதை ஒரே பத்தியில் இருக்கிறது. எழுதியதையெல்லாம் எரித்துவிட்டால் உயிரோடு விடுகிறேன் என்று அவருடைய அரசியல் எதிரி மார்க் அந்தோணி பேரம் பேசினானாம். சிசரோ மறுத்துவிட்டாராம். பெற்ற தகப்பனைக் கொன்ற வழக்கில் ஒருகாலத்தில் சிசரோ வாதாடிக் காப்பாற்றிய பொப்பிலியஸ் என்பவனே வந்து அவர் தலையை வெட்டினானாம்.

போன பதிப்பில் இந்தப் பகுதியின் கடைசியில் அரைப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு இருந்தது. இந்தக் கதைகளில் எது வரலாறு, எது ரோமானியப் பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குக் கொடுத்த பயிற்சித் தலைப்பு என்று அது பிரித்துச் சொன்னது. அதை எடுத்துவிட்டீர்கள். ஏன் என்று கேட்டு எழுதினேன். மாணவர்களைக் குழப்பும் என்பதால் நீக்கியதாக ஒரு வரியில் பதில் வந்தது. அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மடல்.

குழம்பாத ஒரு மாணவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பதினோராம் வகுப்பு, என் மாணவி. இறுதிச் சுற்றில் அவளுக்குச் சிசரோ விழுந்தார். ஐந்து நிமிடம். நாலாவது நிமிடத்தில் அவள் சொன்னது இவ்வளவுதான்: சிசரோ கி.மு. 43 டிசம்பர் 7 அன்று கொல்லப்பட்டார், தலையும் கையும் ரோமின் பேச்சு மேடையிலேயே பார்வைக்கு வைக்கப்பட்டன, இதுவரை சந்தேகமில்லை. ஆனால் எழுத்தை எரிக்கச் சொன்ன பேரமும், தகப்பனைக் கொன்ற வழக்கும் பயிற்சிக்கூடத்துச் சரக்கு என்று, அந்தக் கூடங்களில் உட்கார்ந்து கேட்ட ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். மதிப்பெண் தாளில் உள்ளடக்கம் என்ற கட்டத்தில் 20க்கு 9. பக்கத்தில் சிவப்பு மையில், 'கையேட்டுக்கு முரண், ஆதாரமற்ற ஐயம்.' அந்தத் தாளை நாலாக மடித்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்திருந்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்துக் காட்டினாள். "ஆதாரம் சொன்னேனே மிஸ்" என்றாள்.

சொன்னாள்தான். ஐந்து நிமிடத்தில் ஒரு பெயரைத்தான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை நான் சொல்கிறேன்.

அவள் சொன்ன பெயர் செனெக்கா. தத்துவவாதி செனெக்கா இல்லை, அவருடைய அப்பா. ஸ்பெயினில் கார்டோபா ஊர்க்காரர். இளமையில் 2,000 பெயர்களைக் கேட்டால் அதே வரிசையில் திருப்பிச் சொல்வேன் என்று பெருமையடித்துக்கொள்கிற மனிதர். (கொஞ்சம் அளப்பும் இருக்கும்.) உள்நாட்டுப் போர் மட்டும் ஊரோடு கட்டிப்போடாமல் இருந்திருந்தால் சிசரோ பேசுவதை நேரிலேயே கேட்டிருப்பேன் என்று ஏங்குகிறார். வயதான பிறகு, மகன்கள் மூன்று பேரும் கேட்டார்கள் என்பதற்காக, தன் காலத்துப் பேச்சாசான்களில் யார் எந்தத் தலைப்பில் என்ன பேசினார்கள் என்று நினைவிலிருந்து எழுதிவைத்தார். ரோமானியப் பேச்சுப் பள்ளிக்குள் இவ்வளவு கிட்டத்தில் நம்மைக் கூட்டிப்போகிறவர்கள் மிகக் குறைவு.

அந்தப் பள்ளி நடந்த விதம் தெரிந்தால்தான் அடுத்தது புரியும். எழுதப் படிக்கக் கற்ற பையன் இலக்கண ஆசானிடம் கவிதை படிப்பான். மீசை அரும்பும் வயதில் பேச்சாசானிடம் போவான். அங்கே கடைசிக் கட்டத்தில் இரண்டு பயிற்சிகள். ஒன்று சுவாசோரியா: பழைய காலத்துப் பெரிய ஆள் ஒருவர் ஏதோ ஒரு முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறார், அவருக்கு யோசனை சொல். அலெக்சாந்தர் மாகடலில் கப்பல் விடலாமா? அகமெம்னன் மகளைப் பலி கொடுக்கலாமா? இன்னொன்று கான்ட்ரோவர்சியா: ஒரு சட்டம், ஒரு சம்பவம், இரண்டையும் ஆசான் கொடுப்பார். அது ரோமில் இருக்கிற சட்டமாகவே இருக்க வேண்டியதில்லை. நீ ஒட்டியும் பேச வேண்டும், வெட்டியும் பேச வேண்டும். பையன்கள் மட்டுமில்லை, வளர்ந்த ஆட்களும் வந்து பேசினார்கள். அகஸ்டஸ் சக்கரவர்த்தியே வந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார். கவிஞர் ஓவிட் மாணவனாக இருந்தபோது பேசியதைச் செனெக்கா ஞாபகம் வைத்திருக்கிறார். வாதம் பண்ணுவது அவருக்குப் பிடிக்காதாம், யோசனை சொல்லும் பயிற்சிதான் பிடிக்குமாம்.

இப்போது உங்கள் 41ஆம் பக்கத்துக்கு வாருங்கள். செனெக்காவின் சுவாசோரியா தொகுப்பில் ஆறாவது தலைப்பு, சிசரோ அந்தோணியிடம் உயிர்ப்பிச்சை கேட்கலாமா என்பது. ஏழாவது, எழுத்துகளை எரித்தால் விட்டுவிடுவதாக அந்தோணி சொல்கிறான், எரிக்கலாமா என்பது. ஆமாம், உங்கள் கையேட்டில் வரலாறாக அச்சடித்திருப்பது இந்த ஏழாவது வீட்டுப்பாடம்.

இந்தத் தலைப்பு எங்கிருந்து முளைத்தது என்றும் செனெக்கா சொல்கிறார். அதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அசினியஸ் பொல்லியோ என்று ஒருவர். போர்த்தளபதி, வரலாற்றாசிரியர், ரோமில் முதல் பொது நூலகம் அமைத்தவர், சிசரோ என்றால் எட்டிக்காய். லாமியா என்பவருக்காகத் தான் பேசிய பேச்சை எழுதி வெளியிட்டபோது அதில் ஒரு சேதியைச் செருகிவிட்டார்: அந்தோணிக்கு எதிராகப் பேசியதையெல்லாம் இல்லையென்று மறுக்கவும், அதைவிடப் பல மடங்கு புகழ்ந்து எழுதித்தரவும் சிசரோ தயாராக இருந்தாராம். சிசரோவைக் கோழையாக்கச் சொன்னது. செனெக்கா பாருங்கள், நீதிமன்றத்தில் அன்று இருந்தவர்கள் பொல்லியோ இப்படிப் பேசவேயில்லை என்கிறார்கள், பின்னால் எழுதிச் சேர்த்தது என்கிறார். பொல்லியோ தன் வரலாற்று நூலில் இதைப் போடத் துணியவில்லை என்றும் சுட்டிக்காட்டுகிறார். பள்ளிக்காரர்கள் இந்த அவதூறை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார்கள். அவர் மறுக்கத் தயாராக இருந்தார் என்றது போய், எரிக்கச் சொன்னார்கள், எரிப்பாரா என்று ஆனது. கோழை என்று காட்ட வந்த கதை வீரக் கதையாகிவிட்டது. இந்தத் தலைப்பே அசட்டுக் கற்பனை என்று யாருக்கும் தோன்றும் என்று செனெக்கா ஒளிக்காமல் எழுதுகிறார்.

அப்புறம் ஒன்று சொல்கிறார், என்னைப் போல மாணவர்களைத் தயார்ப்படுத்துகிறவர்கள் எல்லோரும் கேட்க வேண்டியது. இந்தத் தலைப்பில் மறுபக்கம் பேசிய ஒருவரையும் தனக்குத் தெரியாதாம். எல்லோரும் சிசரோவின் புத்தகங்களுக்காகப் பதறினார்கள், சிசரோ என்ற மனிதனுக்காக ஒருத்தரும் பதறவில்லை என்கிறார். ஒட்டியும் வெட்டியும் பேசுவதற்கென்றே இருந்த பள்ளியில், 63 வயதுக் கிழவரிடம் போய், ஐயா, எரித்துவிட்டு உயிர் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஒரு வாய் இல்லை. ஒரு பக்கம் மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பேசிப் பேசி உருண்டு திரண்டதுதான் நமக்கு வந்த சிசரோ.

பொப்பிலியஸ் கதை இன்னும் கூத்து. கான்ட்ரோவர்சியா தொகுப்பின் ஏழாம் புத்தகம், இரண்டாம் வழக்கு. தகப்பனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட பொப்பிலியஸைச் சிசரோ வாதாடி விடுவிக்கிறார். பிறகு அவனே அவர் தலையை வெட்டி அந்தோணியிடம் கொண்டுபோகிறான். அவன்மேல் ஒழுக்கக்கேட்டு வழக்கு. செனெக்கா இடையில் நிறுத்தி, கொன்றவன் பொப்பிலியஸ் என்று சொல்கிற வரலாற்றாசிரியர்களே சிலர்தான், அவர்களும் சிசரோ அவனுக்காக ஏதோ ஒரு சொந்த வழக்கில் வாதாடியதாகத்தான் சொல்கிறார்கள், தகப்பனைக் கொன்ற வழக்கு என்பது பேச்சாசான்களுக்குப் பிடித்துப்போய் வைத்துக்கொண்டது என்கிறார்.

ஏன் பிடித்துப்போனது என்று மேடையில் நின்ற யாருக்கும் விளக்க வேண்டாம். கி.மு. 63இல் அரசைக் கவிழ்க்கக் கத்திலினா என்பவன் செய்த சதியை முறியடித்தபோது சிசரோவை நாட்டின் தந்தை என்று கொண்டாடியிருந்தார்கள். வீட்டுத் தந்தையைக் கொன்றவனே நாட்டுத் தந்தையையும் கொன்றான் என்ற பொருத்தம் கையில் கிடைத்தால் எந்தப் பேச்சாளன் விடுவான்? சொத்துத் தகராறோ கடன் தகராறோ வைத்துக்கொண்டு அரங்கத்தை அழவைக்க முடியுமா?

இது பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கிடந்திருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். கி.பி. 100ஐ ஒட்டி எழுதிய புளூட்டார்க், சிசரோவின் வாழ்க்கை வரலாற்றில் பொப்பிலியஸைக் கொண்டுவருகிறார். அங்கே அவன் தகப்பனைக் கொன்ற வழக்கிலிருந்து சிசரோவால் தப்பித்தவன். கூடத்துச் சரக்கு வரலாறாகிவிட்டது. இதே புளூட்டார்க் பக்கத்திலேயே இன்னொன்றும் சொல்கிறார்: சிசரோவைக் காட்டிக்கொடுத்தவன் பிலோலோகஸ் என்று கதை உண்டு, ஆனால் சிசரோவின் எழுத்தர் தீரோ அவனைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்கிறார். புளூட்டார்க்குக்கே தன் வாசகர்களைக் குழப்புவதில் பயம் இல்லை. உங்களுக்கு மட்டும் ஏன்?

ஒருவேளை ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று நினைப்பீர்கள். லூசியஸ் ஃப்ளமினினஸ் என்று ஒருவர், கி.மு. 192இல் கான்சல், அதாவது ஓராண்டுக்கு ரோமின் மிக உயர்ந்த பதவி. கேட்டோ தணிக்கை அதிகாரியாக இருந்தபோது, கி.மு. 184இல், இவரைச் செனட்டிலிருந்து நீக்கினார். காரணம் என்ன என்று கேட்டோவே பேசிய பேச்சு இருந்தது. வரலாற்றாசிரியர் லிவி சொல்கிறார்: விருந்தில் ஃப்ளமினினஸின் ஆசைப்பையன், உன்னோடு வந்ததால் கிளாடியேட்டர் சண்டை பார்க்காமல் போனேனே என்று சிணுங்குகிறான், அந்த நேரம் அடைக்கலம் கேட்டு கால் (Gaul) என்ற இனத்துப் பிரபு ஒருவர் பிள்ளைகளோடு வந்து நிற்கிறார், இவன் சாவதைப் பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டு ஃப்ளமினினஸ் தன் கையாலேயே வெட்டுகிறார். வலேரியஸ் அன்டியாஸ் என்ற எழுத்தாளர் சொல்வது வேறு: பையன் இல்லை, ஒரு பெண்; அகதி இல்லை, தண்டனை பெற்ற கைதி. கேட்டோவின் பேச்சைப் படிக்காமல் ஊர் வாயில் வந்ததை நம்பிவிட்டார் என்று லிவி அவரைக் குட்டுகிறார்.

பேச்சுப் பள்ளி எதை எடுத்துக்கொண்டது? பெண்ணையும் கைதியையும்தான். நடக்காத ஒரு அரசத்துரோக வழக்கையும் மேலே சேர்த்துக்கொண்டது. ஏனென்று நானாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். அடைக்கலம் கேட்டு வந்தவனைப் பிள்ளைகள் கண்முன் வெட்டியவனுக்காகப் பேச யாருக்கும் நா எழாது. எப்படியும் சாகப்போகிற கைதி என்றால், இடம்தானே தப்பு, செய்தது தப்பா என்று எதிர்த்தரப்பு பேச வழியுண்டு. பயிற்சி நடக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் வேண்டும். செத்தவன் யார் என்பதையே அதற்காக மாற்றிவிட்டார்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நானும் இந்தத் தொழிலில் இருப்பவள்தான். 19 ஆண்டுகளாகப் பிள்ளைகளை மேடை ஏற்றுகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பையனுக்கு மார்க் அந்தோணியைப் பற்றி நான்தான் எழுதிக்கொடுத்தேன். கல்யாண வீட்டில் குடித்த குடியில், மறுநாள் மக்கள் மன்றத்தில், அரசு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடியில் வாந்தியெடுத்தான் என்ற இடத்தில் பையன் மூக்கைப் பொத்திக்கொள்வான். அரங்கம் அதிரும். முதல் பரிசு வாங்கினான். கோப்பை இன்னும் எங்கள் பள்ளி அலமாரியில் இருக்கிறது.

அந்த வாந்தி எங்கிருந்து வந்தது? சிசரோவின் இரண்டாம் பிலிப்பிக் உரையிலிருந்து. அந்தோணிக்கு எதிரான அவருடைய உரைகளுக்குப் பிலிப்பிக் என்று பெயர். கி.மு. 44 செப்டம்பரில் செனட்டில் எழுந்து அந்தோணிக்கு முகத்துக்கு நேராகப் பேசியது போல எழுதப்பட்டது. உண்மையில் அது பேசப்படவேயில்லை, பிறகு கைப்பிரதியாக வெளிவந்தது. நான் அந்தப் பையனிடம் இதைச் சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது. அந்தோணி குடித்ததே இல்லை என்று சொல்ல வரவில்லை, நன்றாகக் குடித்திருப்பான். எதிரி எழுதிய வசை என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அதுவும் எப்படிப்பட்ட வசை. ஒருவரைப் புகழ என்னென்ன சொல்ல வேண்டும், இகழ என்னென்ன சொல்ல வேண்டும் என்று வாய்பாடு இருந்தது. கி.மு. 80களில் எழுதப்பட்ட, ஹெரேனியஸ் என்பவருக்கு எழுதிய பேச்சுக்கலை நூல் ஒன்றில் அது அப்படியே கிடைக்கிறது. பிறப்பு, வளர்ப்பு, செல்வம், நட்பு ஒரு பக்கம். உடல்வாகு ஒரு பக்கம். குணம் ஒரு பக்கம். புகழ்வதற்கும் இதே பட்டியல்தான், வைவதற்கும் இதே பட்டியல்தான். திருப்பிப் போட்டால் போதும். எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் சிறப்பு விருந்தினரை வரவேற்கப் பிள்ளைகளுக்கு நான் எழுதிக்கொடுக்கும் தாளும் கிட்டத்தட்ட இந்த வரிசைதான் என்பது இதைப் படித்தபோதுதான் உறைத்தது.

அதனால்தான் ரோமானியப் பெரும்புள்ளிகளின் குடும்பம் எல்லாம் ஒரே தெருவில் கடை வைத்திருந்தது போல இருக்கிறது. அந்தோணி இளம் அகஸ்டஸைத் திட்டும்போது, கொள்ளுத்தாத்தா கயிறு திரித்த விடுதலை பெற்ற அடிமை, தாத்தா வட்டிக்கடைக்காரர் என்கிறான். தாய்வழியில் தைலக்கடை, ரொட்டிக்கடை என்கிறான். சக்கரவர்த்திகளின் வாழ்க்கையை எழுதிய சுவெட்டோனியஸ் இதையெல்லாம் எடுத்து வைத்திருக்கிறார். டியோ காசியஸின் வரலாற்றில் ஒருவர் எழுந்து சிசரோவைத் திட்டுகிறார்; சிசரோவின் அப்பா துணி வெளுப்பவராம். சிசரோ பீசோ என்ற அரசியல்வாதியைத் திட்டும்போது அம்மாவைப் பெற்ற தாத்தா கால் நாட்டுக்காரர், அந்தப் புருவத்தைப் பார், அந்தப் பல்லைப் பார் என்று போகிறார். அந்தப் பேச்சு கி.மு. 55. அதே பீசோ ஐந்தே ஆண்டில், கி.மு. 50இல், ரோமின் தணிக்கை அதிகாரியாகிறார். மற்றவர்களின் ஒழுக்கத்தை விசாரித்துச் செனட்டிலிருந்து நீக்கும் பதவி அது. கேட்டவர்களுக்கு இது வாய்பாடு என்று தெரிந்திருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். தெரியாமல் போனது நமக்குத்தான்.

44ஆம் பக்கத்தில் கத்திலினா மனித ரத்தம் குடித்தவன் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். சல்லுஸ்ட் அந்தச் சதியைப் பற்றித் தனி நூலே எழுதியவர். கத்திலினாவுக்குச் சாதகமானவர் இல்லை. மதுவில் ரத்தம் கலந்து குடித்ததாகச் சிலர் சொன்னார்கள், சிசரோமேல் பிறகு எழுந்த வெறுப்பைத் தணிக்க இட்டுக்கட்டியது என்று வேறு சிலர் நினைத்தார்கள், இவ்வளவு பெரிய குற்றத்துக்கு எனக்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்று அவர் நிறுத்திக்கொள்கிறார். புளூட்டார்க்கிடம் வரும்போது ஒரு மனிதனைப் பலியிட்டு மாமிசம் தின்கிறார்கள். டியோ காசியஸிடம் அது ஒரு சிறுவன். ஒன்றுக்கு ஒன்பதாக வளர்ந்த இந்தக் கதையின் முனையை மட்டும் கிள்ளி எங்கள் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறீர்கள். கி.மு. 65இல் இதே கத்திலினாவுக்காக நீதிமன்றத்தில் வாதாடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் சிசரோவே நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கி.மு. 56இல் கேலியஸ் என்ற இளைஞனைக் காப்பாற்ற வேண்டிவந்தபோது, கத்திலினாவிடம் பெருங்குணங்களின் சாயலும் இருந்தது, நல்லவர்கள் பலரும் ஏமாந்தார்கள், ஏன் நானே ஏமாறப் பார்த்தேன் என்று அவரே பேசுகிறார். அன்றைய வழக்குக்கு எது தேவையோ அதைச் சொன்னார், அவ்வளவுதான்.

அதை அவர் மறைக்கவும் இல்லை. கி.மு. 66இல் குளுவென்டியஸ் வழக்கில், தன் பழைய பேச்சு ஒன்றை எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டியபோது, நீதிமன்றத்தில் நான் பேசியதை என் சொந்தக் கருத்து என்று எடுத்துக்கொள்கிறவர் பெரிய தவறு செய்கிறார், அது அந்த வழக்கின் பேச்சு, அந்த நேரத்தின் பேச்சு என்று வெளிப்படையாகச் சொன்னார். கி.மு. 55இல் லுக்கேயஸ் என்ற வரலாற்றாசிரியருக்கு, என் கான்சல் ஆண்டைப் பற்றி எழுதும்போது வரலாற்றின் விதிகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு என்னைத் தாராளமாகவே புகழ்ந்து எழுதுங்கள் என்று கடிதம் எழுதினார். இந்த மனிதருக்கு நம்மேல் இருந்த நம்பிக்கை, உங்களுக்கு நம் மாணவர்கள்மேல் இல்லை.

இன்னொரு காரணத்துக்காகவும் அந்த அரைப் பக்கம் வேண்டும். சிசரோவின் பெயரைக் கொலைப் பட்டியலில் சேர்க்க மூன்று பேர் சம்மதிக்க வேண்டியிருந்தது: அந்தோணி, லெபிடஸ், பிற்காலத்தில் அகஸ்டஸ் ஆன ஆக்டேவியன். ஆக்டேவியன் இரண்டு நாள் மறுத்து மூன்றாம் நாள் விட்டுக்கொடுத்தான் என்கிறார் புளூட்டார்க். பேச்சுப் பள்ளித் தலைப்புகளில் பாருங்கள், கொலைகாரன் அந்தோணி ஒருவன்தான். அரங்கில் வந்து உட்காரும் சக்கரவர்த்தி எங்கே போனார்? தோற்றுச் செத்தவனைத் திட்ட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். வரலாற்றாசிரியர் வெல்லேயஸ், அகஸ்டஸுக்கு அடுத்து வந்த திபேரியஸ் காலத்தில் எழுதியவர், இந்த இடத்துக்கு வந்ததும் கதை சொல்வதை நிறுத்திவிட்டு, மார்க் அந்தோணியே, நீ ஒன்றும் சாதிக்கவில்லை என்று செத்துப்போனவனைக் கூப்பிட்டு மேடைப் பேச்சே பேசத் தொடங்கிவிடுகிறார். பள்ளியில் பழகிய நாக்கு அது. சக்கரவர்த்திகள் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்றும் பேச்சாசான்களுக்குத் தெரியும். கொடுங்கோலர்களுக்கு எதிரான வழக்கமான பயிற்சிப் பேச்சு ஒன்றுக்காக கரினாஸ் செகுண்டஸ் என்பவரைக் கலிகுலா நாடு கடத்தினான்.

மாணவர்கள் குழம்புவார்கள் என்கிறீர்கள். எனக்குத் தெரிந்து அந்தக் காலத்து மாணவர்கள் குழம்பவில்லை, சலித்துப்போனார்கள். கவிஞர் பெர்சியஸ் சிறுவயதில் கண்ணில் ஆலிவ் எண்ணெயைத் தடவிக்கொள்வாராம், கண் வலி என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போட. எதற்கு? சாகப்போகும் கேட்டோவின் (முன்னே சொன்னவர் இல்லை, அவருடைய கொள்ளுப்பேரன்) வீர உரையை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். அப்பா நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்து வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து கேட்பார். எண்ணெய்க்குப் பதில் வயிற்றுவலி என்று மாற்றினால் என் வகுப்பில் போட்டிக்கு முந்தின நாள் அதுதான். கவிஞர் ஜுவெனல், ஒரே பேச்சை உட்கார்ந்து ஒருமுறை படித்து நின்று ஒருமுறை ஒப்பிக்கும் வகுப்பைப் பார்த்து, திரும்பத் திரும்பப் பரிமாறிய முட்டைக்கோஸ் ஆசான்களைக் கொல்கிறது என்று எழுதினார். ரோமை எதிர்த்து ஆல்ப்ஸைத் தாண்டிய தளபதி ஹானிபாலைப் பார்த்து அவரே, ஓடு பைத்தியக்காரா, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ஓடு, பள்ளிப் பையன்களுக்குப் பிடித்துப்போய் ஒரு பேச்சுப் பயிற்சியாக ஆவதற்கு என்றார்.

இந்தக் கல்விமேல் எனக்கு வெறுப்பில்லை. அரசன் பேச்சாசானுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று வெஸ்பாசியனுக்குத் தோன்றி, கருவூலத்திலிருந்து ஆண்டுக்கு 1,00,000 செஸ்டர்ஸ் நாணயம் கொடுத்தாரே, அது எங்களைப் போன்றவர்களுக்குப் பொறாமை தரும் காலம். எதிராளி என்ன சொல்வான் என்று யோசிக்கப் பழக்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. என் மாணவி செய்தது அதுதானே? எல்லோரும் பேசிய பக்கத்தை விட்டுவிட்டு, ஆள் இல்லாத பக்கத்தில் போய் நின்றாள்.

இனி நான் கேட்பது.

நீக்கிய அரைப் பக்கத்தை அடுத்த அச்சில் அதே இடத்தில் திரும்பச் சேருங்கள். இடம் போதவில்லை என்றால் 46ஆம் பக்கத்தில் முழுப் பக்கத்துக்கு இருக்கும் ஒலிவாங்கிப் படத்தை எடுத்துவிடலாம்.

41ஆம் பக்கத்தில் எரிக்கச் சொன்ன பேரத்தையும் தகப்பனைக் கொன்ற வழக்கையும் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல கதைகள்தான். அவை பேச்சுப் பள்ளித் தலைப்புகள் என்று செனெக்கா சொல்வதை அதே பத்தியில் சேருங்கள். 44ஆம் பக்க ரத்தம் குடித்த வரிக்குப் பக்கத்தில் சல்லுஸ்டின் சந்தேகத்தையும் போடுங்கள். அந்தோணியைப் பற்றிய பத்தி இரண்டாம் பிலிப்பிக்கிலிருந்து எடுத்தது, அது பேசப்படாத பேச்சு என்று எழுதுங்கள். அச்சடித்தது விற்றுத் தீரும்வரை இந்தத் திருத்தங்களை ஒரு தாளில் அடித்து, பதிவு செய்த பள்ளிகளுக்கு அனுப்பினால் போதும்.

நடுவர்களுக்கான விதிகளில், கையேட்டுக்கு முரண் என்பதை மதிப்பெண் குறைக்கும் காரணங்களிலிருந்து எடுங்கள். மூலநூலின் பெயரோடு மாணவர் மாற்றிப் பேசினால், அதைச் சரிபார்க்க நடுவருக்கு ஒரு நாள் அவகாசம் கொடுத்து, பிறகு மதிப்பெண் போடச் சொல்லுங்கள்.

அந்த 9ஐ மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. உச்சரிப்பில் இரண்டு இடத்தில் தடுக்கினாள், நேரம் 20 விநாடி கூடியது, பரிசு வாங்கிய பையன் அவளைவிட நன்றாகவே பேசினான். 'ஆதாரமற்ற ஐயம்' என்ற இரண்டு சொல்லை மட்டும் அடித்து, நடுவர் கையெழுத்தோடு தாளைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த ஆண்டுக்கான பதிவு இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அவள் விண்ணப்பம் என் மேசையில் இருக்கிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இப்படிக்கு,
மாணவர்களைப் பேச்சுப் போட்டிக்குத் தயார்ப்படுத்தும் ஒரு வரலாற்று ஆசிரியை